கேபிள் டிக்கியிலேயே இருந்தது: பிளக்-இன் ஹைப்ரிட் காரின் நூறு வருஷக் கதை

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை காலைல அக்காகிட்ட இருந்து ஒரு வாய்ஸ் நோட் வந்துது. அக்கா நெதர்லாந்துல, ஐண்ட்ஹோவன்ல இருக்கா. அவ சொன்னது இதுதான்:

"டேய், ஒரு கார் பாத்து வெச்சிருக்கோம். செகண்ட் ஹேண்ட். 2020 மாடல் பி.எம்.டபிள்யூ 330இ, பிளக்-இன் ஹைப்ரிட். மாமாவுக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு. எனக்குத்தான் ஒரே யோசனையா இருக்கு. நீதான் மைக்கு முன்னாடி உக்காந்து ஊர் உலகத்து வரலாறெல்லாம் பேசறியே, இதுக்கு ஒரு பதில் சொல்லு பாப்போம்."

அக்காவோட யோசனைக்கு ஒரு காரணம் இருக்கு. 2015 கடைசியில மாமாவுக்கு ஆபீஸ்ல ஒரு லீஸ் கார் கொடுத்தாங்க. அதுவும் பிளக்-இன் ஹைப்ரிட்தான். எந்த பிராண்டுன்னு வேண்டாம், காரு மேல எந்தத் தப்பும் இல்ல. ஃபோட்டோ அனுப்பினப்போ நான்கூட "சூப்பர் மாமா, பசுமைப் புரட்சி பண்றீங்க"ன்னு பதில் போட்டேன். லீஸ் முடிஞ்சு காரைத் திருப்பிக் கொடுக்கப் போனப்போ அக்கா டிக்கியைக் காலி பண்ணியிருக்கா. சார்ஜிங் கேபிள் ஒரு கறுப்புப் பைக்குள்ள, கம்பெனிலேர்ந்து எப்படிச் சுத்தி வந்துதோ அப்படியே இருந்துதாம். நாலு வருஷத்துல ஒருநாள்கூட அதைப் பிரிக்கல.

மாமா சோம்பேறி இல்ல. அவர் அப்போ எடுத்த முடிவு, கணக்குப்படி பாத்தா, சரியான முடிவுதான். அது எப்படிச் சரின்னு புரிஞ்சுக்கறதுக்கு நூறு வருஷம் பின்னாடி போகணும். அக்காவுக்கான பதிலும் அங்கதான் இருக்கு. அதனால இந்த எபிசோட், அக்காவுக்கு நான் அனுப்ப வேண்டிய வாய்ஸ் நோட்டோட நீளமான வடிவம்னு வெச்சுக்கங்க.

முதல்ல ஒரு சின்ன விளக்கம். சாதாரண ஹைப்ரிட் கார்ல ஒரு பெட்ரோல் இன்ஜின், ஒரு மோட்டார், ஒரு குட்டி பேட்டரி இருக்கும். பிரேக் போடறப்போ வீணாப் போற சக்தியும் இன்ஜினும்தான் அந்த பேட்டரிக்குச் சோறு. வெளியிலேர்ந்து கரண்ட் எடுக்காது. பிளக்-இன் ஹைப்ரிட்ல பேட்டரி கொஞ்சம் பெருசு, சுவத்துல சொருகிச் சார்ஜ் போடலாம். சார்ஜ் இருக்கற வரைக்கும் எலெக்ட்ரிக் கார் மாதிரி ஓடும். தீர்ந்துட்டா பெட்ரோல் கார், அதுவும் தீர்ந்துபோன பேட்டரியோட எடையைச் சுமந்துக்கிட்டு ஓடற பெட்ரோல் கார். அதாவது வாங்கறது ஒரே காரா இருந்தாலும், அது எந்தக் காரா இருக்கும்ங்கறதை ஓட்டறவங்க ராத்திரி செய்யற ஒரு வேலை தீர்மானிக்குது.

வியன்னாவில் தொடங்கியது

1900-ல பாரிஸ்ல நடந்த உலகக் கண்காட்சியில வியன்னாவைச் சேர்ந்த லோனர் கம்பெனி ஒரு எலெக்ட்ரிக் காரை வெச்சுது. முன் சக்கரங்களுக்குள்ளேயே மோட்டார். வடிவமைச்சவருக்கு அப்போ 24 வயசு. பேரு ஃபெர்டினாண்ட் போர்ஷே. ஆமா, பின்னாடி ஸ்போர்ட்ஸ் கார்ல நாம பாக்கற அதே பேருதான்.

அந்தக் கார்ல இருந்த பிரச்சினை இன்னைக்கும் நமக்குத் தெரிஞ்ச பிரச்சினை. ஈய பேட்டரி நூத்துக்கணக்கான கிலோ. எடையும் ஜாஸ்தி, தூரமும் போகாது. போர்ஷே யோசிச்ச வழி இது: பேட்டரியைக் குறைச்சுட்டு, வண்டியிலேயே பெட்ரோல்ல ஓடற ரெண்டு சின்ன ஜெனரேட்டரை வெச்சுட்டா என்ன? அப்படி உருவான மாதிரி வண்டிக்கு லத்தீன்ல 'செம்பெர் விவுஸ்'னு பேரு வெச்சார். 'எப்போதும் உயிரோடு இருப்பது'ன்னு அர்த்தம். வழியில கரண்ட் தீர்ந்து நின்னுடுவோமோங்கற பயம், நாம இன்னைக்குப் பேசற அதே பயம், 1900-லேயே இருந்துருக்கு.

அடுத்தது சிகாகோ. 1916-ல வுட்ஸ்ங்கற எலெக்ட்ரிக் கார் கம்பெனி 'டூயல் பவர்'னு ஒரு காரை விட்டுது. மெதுவாப் போனா மோட்டார், வேகம் எடுத்தா பெட்ரோல் இன்ஜின். ஓடும்போதே பேட்டரியைச் சார்ஜ் பண்ணிக்கும். விலை 2,650 டாலர். அதே 1916-ல ஃபோர்டு மாடல் டி கார் 360 டாலருக்குக் கிடைச்சுது. ஒரு டூயல் பவர் காசுல ஏழு ஃபோர்டு வாங்கலாம். அதிகபட்ச வேகமும் மணிக்கு 56 கிலோமீட்டர்தான். 1918-லேயே கதை முடிஞ்சுது.

ஒரு காருக்குள்ள ரெண்டு காரை வெச்சா ரெண்டு காரோட செலவும் வரும். இது அன்னைக்கே தெரிஞ்சுபோச்சு. இந்தத் தொழில்நுட்பம் பின்னாடி ஏன் பணக்காரங்க ஓட்டற செடான் வழியா திரும்பி வந்துதுங்கறதுக்கும் இதுதான் காரணம்.

கதவு வரைக்கும் வந்து திரும்பினவர்

1970-கள்ல அமெரிக்காவுல விக்டர் வூக்னு ஒரு எலெக்ட்ரிக்கல் இன்ஜினியர். நாவலாசிரியர் ஹெர்மன் வூக்கோட தம்பி. புகையைக் குறைக்கற கார் செஞ்சு காட்டுங்கன்னு அமெரிக்க அரசு ஒரு திட்டம் அறிவிச்சிருந்துது. வூக்கும் அவரோட பார்ட்னர் சார்லஸ் ரோசனும் சொந்தக் காசைப் போட்டு, 1972 மாடல் பியூக் ஸ்கைலார்க் ஒண்ணை வாங்கி, இன்ஜினைக் கழட்டிட்டு, ஒரு சின்ன மஸ்டா ரோட்டரி இன்ஜினையும் ஒரு மோட்டாரையும் மாட்டினாங்க.

1974-ல சுற்றுச்சூழல் பாதுகாப்பு ஏஜென்சி ஆன் ஆர்பர்ல இருந்த தன்னோட லேப்ல சோதிச்சுது. புகை அன்றைய கார்களைவிட ரொம்பக் கம்மி, மைலேஜும் ரொம்ப மேல. ஆனாலும் ஏஜென்சி அந்தத் திட்டத்தை நிராகரிச்சுது. 1973-ல எண்ணெய் நெருக்கடி வந்து பெட்ரோல் பங்க்ல ஜனங்க வரிசையில நின்ன அடுத்த வருஷம் இது நடந்துதுங்கறதை நினைச்சுப் பாருங்க. 1976-ல எலெக்ட்ரிக், ஹைப்ரிட் வண்டி ஆராய்ச்சிக்குன்னு ஒரு சட்டம் வந்துது. ஜனாதிபதி ஃபோர்டு அதைத் தடுத்தார், காங்கிரஸ் அவரோட தடையை மீறி நிறைவேத்துச்சு. சட்டம் வந்துது, காரு வரல.

1997: பிளக் வெச்சவரும் வைக்காதவரும்

1997-ல ரெண்டு ஹைப்ரிட் கார் விற்பனைக்கு வந்துது. ஒண்ணு ஐரோப்பாவுல, ஒண்ணு ஜப்பான்ல.

ஐரோப்பாவுல வந்தது ஆடி டுவோ. ஏ4 காரோட வேகன் வடிவம். முன்னாடி 1.9 லிட்டர் டீசல் இன்ஜின், கூட ஒரு மோட்டார், பின்னாடி ஈய பேட்டரி. வீட்டுல சொருகிச் சார்ஜ் போடலாம். நாம இன்னைக்குப் பேசற சொகுசு பிளக்-இன் காரோட நேரடிப் பாட்டன் இதுதான். விலை 60,000 ஜெர்மன் மார்க், சாதாரண ஏ4-ஐவிட ஏறக்குறைய ரெண்டு மடங்கு. வித்தது அறுபது சொச்சம் கார்.

ஜப்பான்ல டிசம்பர் 1997-ல வந்தது டொயோட்டா பிரியஸ். அதுக்கு பிளக்கே கிடையாது. அமெரிக்காவுக்குப் போனப்போ அதையே ஒரு பெருமையாச் சொல்லித்தான் வித்தாங்க: இதைச் சொருகவே வேண்டாம்! அந்தக் காரு லட்சக்கணக்குல வித்துது.

அதாவது சொருகற வேலையை ஜனங்ககிட்ட கேட்ட காரு தோத்துப்போச்சு. கேக்காத காரு ஜெயிச்சுது. எந்த மெஷினும் நம்மகிட்ட ஒரு புதுப் பழக்கத்தைக் கேக்கும்போது, அந்தப் பழக்கத்துக்கு நமக்கு என்ன காரணம் இருக்குன்னு பாக்கணும். இதை ஞாபகம் வெச்சுக்கங்க.

காரணம் இருந்தவங்க சில பேர் இருந்தாங்க. 2004-ல கலிஃபோர்னியாவுல கால்கார்ஸ்னு ஒரு குழு, ஃபெலிக்ஸ் கிரேமர், ரான் கிரெம்பன்னு ரெண்டு பேர் முன்னால நின்னு, ஒரு பிரியஸ் காருல கூடுதல் பேட்டரியை ஏத்தி, சுவத்துல சொருகிச் சார்ஜ் போட்டுக் காட்டினாங்க. வீட்டு கராஜ்ல வெச்சு செஞ்ச வேலை. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தோட டேவிஸ் வளாகத்துல பேராசிரியர் ஆண்டி ஃபிராங்கும் அவரோட மாணவர்களும் அதுக்கு முன்னாடிலேர்ந்தே இப்படி வண்டிகளை செஞ்சுக்கிட்டு இருந்தாங்க.

கார் கம்பெனிகளும் இறங்கினாங்க. 2007 ஜனவரியில டெட்ராய்ட்ல ஜெனரல் மோட்டார்ஸ் செவ்ரோலே வோல்ட் மாதிரியைக் காட்டுச்சு. அவங்க சொன்ன வாதம் எளிமையானது: அமெரிக்கர்கள்ல 78% பேர் ஒருநாள்ல 40 மைலுக்குள்ளதான் வேலைக்குப் போய் வர்றாங்க. அந்த 40 மைலுக்கு பேட்டரி, மீதிக்கு பெட்ரோல். 2008 டிசம்பர்ல சீனாவுல பிஒய்டி கம்பெனி எஃப்3டிஎம் செடானோட முந்திக்கிச்சு. 2010 டிசம்பர்ல வோல்ட் விற்பனைக்கு வந்துது: 16 யூனிட் பேட்டரி, ஒரு சார்ஜுல அமெரிக்க அரசு கணக்குப்படி 56 கிலோமீட்டர். நம்ம இ.பி. பில்லுல வர்ற அதே யூனிட்தான்.

வோல்ட் வாங்கினவங்க ஒழுங்கா சொருகினாங்க. அவங்க ஓட்டின தூரத்துல பாதிக்கு மேல கரண்ட்லதான் போச்சு. சொந்தக் காசு, சொந்த கராஜ், பெட்ரோலும் சொந்தக் காசு. பழக்கத்துக்குக் காரணம் இருந்துது.

ஒரு சூத்திரமும் ஒரு எண்ணும்

இப்போ ஐரோப்பாவுக்கு வருவோம். கதையோட மையம் இங்கதான் இருக்கு.

2009-ல ஐரோப்பிய ஒன்றியம் ஒரு விதி போட்டுது. ஒரு கம்பெனி விக்கற கார்களோட சராசரி கார்பன் வெளியீடு 2015-க்குள்ள கிலோமீட்டருக்கு 130 கிராமுக்கு வரணும். அடுத்த இலக்கு 95. பெரிய செடான்களா விக்கற ஜெர்மன் கம்பெனிகளுக்கு இது தலைவலி. ஆனா விதியிலேயே ஒரு சலுகையும் இருந்துது. 50 கிராமுக்குக் கீழ வர்ற கார் ஒண்ணை வித்தா, சராசரி கணக்குல அதை 2012, 2013-ல மூணரை காரா எண்ணிக்கலாம். 2014-ல ரெண்டரை, 2015-ல ஒண்ணரை.

சரி, பாதி பெட்ரோல் பாதி கரண்ட்னு ஓடற காருக்குக் கிராமை எப்படிக் கணக்குப் போடறது? அதுக்கு ஒரு சூத்திரம் இருந்துது. காரை பேட்டரி நிறைஞ்சிருக்கறப்போ ஒருதரம், தீர்ந்திருக்கறப்போ ஒருதரம் லேப்ல ஓட்டுவாங்க. அப்புறம் ஒரு அனுமானம்: பேட்டரி தீர்ந்ததுக்கு அப்புறம் ஓட்டறவர் 25 கிலோமீட்டர் பெட்ரோல்ல போவார், உடனே திரும்பச் சொருகிடுவார். எல்லாரும், எல்லா நாளும், அப்படித்தான்.

இதை வெச்சு நாமளே கணக்குப் போடலாம். ஒரு கார் கரண்ட்ல 25 கிலோமீட்டர் போகும்னா, மொத்தம் 50-ல 25 மட்டும்தான் பெட்ரோல். பேப்பர்ல அதோட கிராம் பாதியாயிடும். 50 கிலோமீட்டர் போகும்னா மூணுல ஒரு பங்காயிடும். 2015-ல வந்த மெர்சிடிஸ் சி350இ காரை எடுத்துக்கங்க. 279 குதிரைத்திறன், சொகுசு செடான், சோதனைப்படி 31 கிலோமீட்டர் கரண்ட். பேப்பர்ல 48 கிராம். பின்னாடிலேர்ந்து கணக்குப் போட்டா, பேட்டரி தீர்ந்த நிலையில லேப்லேயே 107 கிராம் பக்கம் வருது. 107 எப்படி 48 ஆச்சுன்னா, அந்த 25 கிலோமீட்டர் அனுமானத்தால. அடுத்து வந்த முதல் தலைமுறை 330இ, 7.6 யூனிட் பேட்டரி, 44 கிராம். 50-க்குக் கீழதான், ஆனா ரொம்பக் கீழ இல்ல, கவனிச்சீங்களா?

இது ஏதோ ஐரோப்பாக்காரங்க புத்திசாலித்தனம்னு நினைக்காதீங்க. நம்ம ஊர்லயும் இதே நடந்திருக்கு. 2006 பட்ஜெட்ல 4 மீட்டருக்குள்ள இருக்கற சின்னக் கார்களுக்கு கலால் வரியைக் குறைச்சாங்க. அப்புறம் என்னாச்சு? செடான் காரோட டிக்கியை வெட்டி வெட்டி 4 மீட்டருக்குள்ள கொண்டுவந்தாங்க. 2012-ல வந்த டிசையர் 3,995 மில்லிமீட்டர். அந்த மீதி 5 மில்லிமீட்டர்தான் வரி. இதுக்குப் பேரு நமக்கு 'காம்பாக்ட் செடான்'. 330இ 4.7 மீட்டர் நீளம், அதையும் மேலைநாட்டுல காம்பாக்ட்னுதான் சொல்றாங்க, அது வேற கதை. சட்டத்துல ஒரு எண்ணை எழுதினா, காரு அந்த எண்ணோட வடிவத்துக்கு வந்துடும்.

மாமாவோட கணக்கு

நெதர்லாந்துல கம்பெனி காரை சொந்த வேலைக்கும் ஓட்டினா, கார் விலையில ஒரு சதவீதத்தை உங்க வருமானத்தோட சேத்து வரி போடுவாங்க. டச்சுல பெய்டெல்லிங்னு பேரு. வழக்கமா பெரிய கார்களுக்கு 25%. ஆனா 50 கிராம் வரைக்கும் இருந்தா 2012, 2013-ல பூஜ்யம். 2014, 2015-ல 7%. 2016-லேர்ந்து 15%. 2017-லேர்ந்து முழு எலெக்ட்ரிக் தவிர மத்த எல்லாத்துக்கும் 22%. முக்கியமான விஷயம், நீங்க எந்த வருஷம் காரைப் பதிவு பண்றீங்களோ, அந்த சதவீதம் 60 மாசத்துக்கு மாறாது.

50,000 யூரோ கார்னு வெச்சுக்கங்க. 25%னா 12,500 யூரோ வருமானத்துல சேரும். 42% வரி கட்டறவருக்கு வருஷத்துக்கு 5,250 யூரோ. அதே கார் 7%னா 1,470 யூரோதான். அஞ்சு வருஷத்துல வித்தியாசம் 18,900 யூரோ. அதனாலதான் 2015 டிசம்பர்ல, சலுகை குறையறதுக்கு முன்னாடி, நெதர்லாந்துல பிளக்-இன் கார்கள் மளமளன்னு பதிவாச்சு. அதுல ஒண்ணு எங்க மாமாவோடது.

இப்போ அவரோட தினசரி வாழ்க்கை. ஆபீஸ் அவருக்கு ஒரு பெட்ரோல் கார்டு கொடுத்திருந்துது. பங்க்ல எவ்வளவு போட்டாலும் ஆபீஸ் செலவு. வீட்டுல சார்ஜ் போட்டா? அது அவரோட கரண்ட் பில். அதைத் திருப்பித் தர ஆபீஸ்ல ஏற்பாடு இல்ல. வீடு மூணாவது மாடி. கார் நிக்கறது தெருவுல. சொருகினா அவருக்கு நஷ்டம், சொருகலைன்னா ஒண்ணும் இல்ல. வரிச் சலுகையோ காரைப் பதிவு பண்ண அன்னைக்கே கிடைச்சாச்சு, சொருகினாரான்னு யாரும் கேக்கப் போறதில்ல. நீங்க அந்த இடத்துல இருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?

மாமா தனி ஆள் இல்ல. 2018-ல பிரிட்டன்ல கம்பெனி கார்களோட எரிபொருள் கணக்கை எடுத்துப் பாத்தப்போ, ஒரு கேலனுக்கு 130 மைல்னு விளம்பரப்படுத்தின பிளக்-இன் கார்கள் நிஜத்துல 40 மைல் பக்கம்தான் கொடுத்திருந்துது. சில கார்கள்ல கேபிள் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காம திரும்பி வந்துதுன்னு செய்தி. அந்த வருஷமே பிரிட்டிஷ் அரசு பிளக்-இன் ஹைப்ரிட்டுக்கான மானியத்தை நிறுத்திடுச்சு. 2020-ல ஃபிரான்ஹோஃபர் நிறுவனமும் ஐசிசிடி அமைப்பும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வுல, சொந்தமா வாங்கினவங்க ஓட்டின தூரத்துல 37% கரண்ட்ல போயிருக்கு, கம்பெனி கார்கள்ல 20%தான். 2024-ல ஐரோப்பிய கமிஷனே கார்களுக்குள்ள இருக்கற மீட்டர் தரவை எடுத்துப் பாத்துட்டு, பிளக்-இன் ஹைப்ரிட்டோட நிஜ வெளியீடு லேப் கணக்கைவிட சராசரியா மூணரை மடங்குன்னு சொல்லிடுச்சு. சாதாரண பெட்ரோல், டீசல் காருக்கு இந்த வித்தியாசம் 20% பக்கம்தான். 2025-லேர்ந்து புது மாடல்களுக்கு அந்த அனுமானத்தையே கடுமையாக்கியிருக்காங்க.

ஷாங்காய்லயும் ஏறக்குறைய இதே கதை. அங்க பெட்ரோல் காருக்கு நம்பர் பிளேட் வேணும்னா ஏலத்துல எடுக்கணும், பெரிய தொகை. பிளக்-இன் காருக்கு பிளேட் இலவசம். அதனால பிளேட்டுக்காகவே அந்தக் காரை வாங்கினாங்க. 2023-லேர்ந்து அந்தச் சலுகையை நிறுத்திட்டாங்க.

நம்ம ஊர்ல இந்தக் கார்களை ஏன் அதிகம் பாக்கறதில்லன்னு கேக்கலாம். 2017-ல ஜி.எஸ்.டி. வந்தப்போ பெரிய ஹைப்ரிட் கார்களுக்கு மொத்தம் 43% வரி. எலெக்ட்ரிக் காருக்கு 2019 ஆகஸ்ட்லேர்ந்து 5%. இங்க சட்டம் வேற பக்கம் கை காட்டுச்சு, சந்தையும் அந்தப் பக்கம் போயிடுச்சு. அவ்வளவுதான்.

அக்காவுக்கு என் பதில்

இதையெல்லாம் அக்காகிட்ட சொன்னேன். பொறுமையாக் கேட்டுட்டு, "அப்போ வாங்க வேண்டாங்கறியா?"ன்னா.

இல்ல. வரலாறு 'வாங்காதே'ன்னு சொல்லல. வோல்ட் வாங்கினவங்க சொருகினாங்க, மாமா சொருகல. தொழில்நுட்பம் ஒண்ணுதான். யாரோட காசு, எங்க நிறுத்தறோம், தினம் எவ்வளவு தூரம்: இந்த மூணு கேள்விதான் ரெண்டு பேரையும் பிரிச்சுது. அதனால அதே மூணு கேள்வியை இந்தக் காருக்கும் கேட்டோம்.

முதல் கேள்வி, காசு. இந்த தடவை பெட்ரோல் கார்டு இல்ல, ரெண்டுமே சொந்தக் காசு. ஒரு ரஃப் கணக்கு சொன்னேன்: 100 கிலோமீட்டருக்கு 21 யூனிட் கரண்ட், இல்லைன்னா 7 லிட்டர் பெட்ரோல்னு வெச்சுக்கோ. சார்ஜ் கம்பத்துல ஒரு யூனிட் விலை என்னவோ அதை மூணால பெருக்கு. அது ஒரு லிட்டர் பெட்ரோல் விலையைவிடக் கம்மியா இருந்தா சொருகறது லாபம். ஜாஸ்தியா இருந்தா நீயும் மாமா மாதிரி ஆயிடுவ, அதுல உன் தப்பு எதுவும் இருக்காது. அக்கா தெருக் கம்பத்து விலையைப் பாத்துப் பெருக்கினா. கொஞ்சம் லாபம். பெரிய லாபம் இல்ல.

ரெண்டாவது, தூரம். அந்த 330இ-ல 12 யூனிட் பேட்டரி. அமெரிக்க அரசு சோதனைப்படி ஒரு சார்ஜுல 37 கிலோமீட்டர். ஐரோப்பிய விளம்பர எண்ணை விட்டுட்டு இந்த எண்ணை வெச்சுக்கோன்னேன். குளிர்காலத்துல இன்னும் குறையும். அக்கா ஆபீஸ் போய்வர 22 கிலோமீட்டர். மாமாவோட ஆபீஸ் டென் போஸ் பக்கம், போய்வர எழுபதுக்கு மேல, அதுவும் ஹைவே. மாமா ஓட்டினா பாதி வழியில பெட்ரோல் காராயிடும். அக்கா ஓட்டினா வாரத்துல அஞ்சு நாளும் எலெக்ட்ரிக் கார்.

மூணாவது, எங்க சொருகறது. 3.7 கிலோவாட்ல மூணரை மணி நேரம் பக்கம் நிக்கணும். இதுக்கு அக்கா செஞ்ச வேலைதான் எனக்குப் பிடிச்சுது. ராத்திரி ஒன்பது மணிக்கு, சாப்பிட்டு முடிச்சதும், ஒரு வாரம் தினமும் பக்கத்துத் தெரு சார்ஜ் கம்பம் வரைக்கும் நடந்து போய்ப் பாத்திருக்கா. நாலு நிமிஷ நடை. ஏழு ராத்திரியில அஞ்சு ராத்திரி ஒரு சாக்கெட் காலியா இருந்துதாம்.

அப்புறம் சின்னச் சின்ன விஷயங்கள். பேட்டரி பின்னாடி இருக்கறதால டிக்கி சாதாரண 3 சீரிஸோட 480 லிட்டருக்கு பதிலா 375 லிட்டர்தான். பெட்ரோல் டேங்கும் 40 லிட்டர்தான். கோடை விடுமுறைக்கு நாலு பெட்டியோட கிளம்பறவங்களுக்கு இது தெரிஞ்சிருக்கணும். செகண்ட் ஹேண்ட்னா பேட்டரியோட இப்போதைய கொள்ளளவைச் சோதிச்சு எழுத்துல கேளு, பேட்டரி வாரண்டி இன்னும் எத்தனை வருஷம்னு பாரு. முன்னாடி ஓட்டினவர் லீஸ்ல ஓட்டியிருந்தா, பேட்டரி உழைச்சிருக்காது, இன்ஜின்தான் உழைச்சிருக்கும். சர்வீஸ் ரெக்கார்டை அந்தக் கண்ணோட பாரு.

கடைசியா மாமா ஃபோனை வாங்கினார். "என்னப்பா, நான் என்னமோ குத்தம் பண்ண மாதிரி எபிசோட் போடறியாம்?" நான் சொன்னேன், "இல்ல மாமா, நீங்க அன்னைக்குப் பண்ணதுதான் கணக்குப்படி சரி. அந்தக் கணக்கை எழுதினவங்கதான் உங்க பெட்ரோல் கார்டை மறந்துட்டாங்க." சிரிச்சார். அப்புறம் அவரே சொன்னார்: "அப்போ சாவி உங்க அக்காகிட்டயே இருக்கட்டும். நான் ரயில்ல போயிக்கறேன்."

அட்வான்ஸ் கொடுத்தாச்சு. அடுத்த வாரம் கார் வருது. முதல் மாசம் எத்தனை யூனிட், எத்தனை லிட்டர்னு எழுதி வெச்சு அனுப்பறேன்னு அக்கா சொல்லியிருக்கா. கணக்கு வந்ததும் நல்லதோ கெட்டதோ இங்க சொல்றேன்.

உங்க வீட்டுலயும் யாராவது ஹைப்ரிட்டா, எலெக்ட்ரிக்கா, பெட்ரோலான்னு குழம்பிக்கிட்டு இருந்தா, மைலேஜ் எண்ணைக் கேக்கறதுக்கு முன்னாடி இந்த மூணு கேள்வியைக் கேட்டுப் பாருங்க. கூடவே ஒரு வாரம் ராத்திரி ஒன்பது மணிக்கு ஒரு நடை போயிட்டு வாங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.